களைநாசினி அடித்த வயலின் வடிநீரும் எங்கள் குளத்து மீன்களும்

திருகோணமலை மாவட்டத்தில் நெல்லும் நன்னீர் மீனும் ஒரே தண்ணீரை நம்பித்தான் வளர்கின்றன. கந்தளாய்க் குளத்திலிருந்து திறந்துவிடப்படும் நீர் தம்பலகாமப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து, வரம்பு வரம்பாக இறங்கி, வடிச்சல் வாய்க்கால்களில் கூடி, இடையிலுள்ள சிறு குளங்களையும் மடுக்களையும் நிரப்பிவிட்டுக் கடைசியில் தம்பலகாமம் விரிகுடாவில் கலக்கிறது. மேல் வயல்காரர் வேண்டாமென்று வடித்துவிடும் தண்ணீர்தான் கீழ்க்குளத்தின் வரத்து. இந்த ஒழுங்கு பழமையானது. களைநாசினி அதற்குள் மிகவும் பிந்தி வந்து சேர்ந்த ஒன்று. அது எந்த வழியாக மீனைத் தொடுகிறது என்பதை நெல்லும் செய்து மீன் குஞ்சும் விடுகின்ற என்னைப் போன்றவர்களே சரியாக விளங்கிக்கொள்ளப் பல போகங்கள் எடுத்தன.

எங்கள் ஊர்ச் சிறு குளத்தில் மாரி மழைக்குப் பின் கட்லா, ரோகு, பொதுக்கெண்டை, திலாப்பியா ஆகியவற்றின் குஞ்சுகளை விட்டு, ஆவணி வாக்கில் நீர் வற்றும்போது பிடிக்கிறோம். இடையில் குளத்துக்கு யாரும் பெரிதாகச் செலவு செய்வதில்லை. மீன் தானாக வளர்வதுபோலத்தான் தோன்றும். ஆகவே மீன் செத்து மிதந்தால், காரணம் தேடுகிற வேலை ஒருவர் மீது ஒருவர் பழி போடுவதாகவே முடிந்துவிடும். மேல் வயலில் எவராவது களைநாசினி அடித்திருந்தால் அவர்மேல் பழி விழும். அவரோ, கடைக்காரர் சொன்னதை அப்படியே திருப்பி, “இது புல்லுக்கு அடிக்கிற எண்ணெய், மீனுக்கு ஒண்டும் செய்யாது” என்பார். இரண்டு பக்கமும் பாதி உண்மைதான் இருக்கிறது.

பெரும்போகத்தில் இந்தச் சிக்கல் கூர்மையடைவதற்குக் காரணம் காலம். வடகீழ்ப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கிறோம். விதைத்த சில நாட்களுக்குள் முளைக்கு முந்திய களைநாசினி, மூன்று நான்கு கிழமையில் கோரைக்கும் அகன்ற இலைக் களைகளுக்கும் இன்னொன்று என்று வயல்கள் மருந்து வாங்குவது மழை மும்முரமாகப் பெய்கிற அதே கிழமைகளில்தான். புதுத்தண்ணீர் கண்டதும் விராலும் பனையேறியும் சுங்கானும் வாய்க்கால் வழியே எதிர்நீச்சலிட்டு ஏறி, வயலோரப் பள்ளங்களிலும் புல்மண்டிய ஓரங்களிலும் முட்டையிடுவதும் அதே காலத்தில்தான். விரால் குஞ்சுகளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கைப்பிடியளவு கூட்டமாக அவை நீர்மட்டத்துக்கு வந்து வந்து போகும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவை நிற்பது முழங்காலுக்கும் குறைந்த தண்ணீரில். குளத்தின் ஆழத்தில் கரைந்து ஐதாகிவிடும் நஞ்சு அந்தப் பள்ளத்தில் ஐதாவதில்லை. பெரிய மீன் தாங்குகிற அளவை முட்டையும் புதுக்குஞ்சும் தாங்கா. குளத்தில் பிணம் மிதக்காததைக் கொண்டு சேதமில்லை என்று முடிவு செய்வது தவறு என்று நான் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். செத்த குஞ்சு மிதப்பதில்லை, அது கொக்குக்கும் நண்டுக்கும் போய்விடுகிறது, அடுத்த ஆண்டில் விரால் குறைந்துவிட்டது என்ற பேச்சாக மட்டும் அது திரும்பி வருகிறது.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு ஏக்கர் வயலில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 2 இலட்சம் லீற்றர். அதில் களையைக் கொல்லும் மூலப்பொருள் 200 கிராம் முழுவதும் கரைந்தால் லீற்றருக்கு 1 மில்லிகிராம் வருகிறது. முளைக்கு முந்திய களைநாசினிகளாக நாம் அடிக்கும் பிரெட்டிலாக்குளோர், பூட்டாக்குளோர் போன்றவை மீன்களுக்கு ஆபத்தாவது ஏறத்தாழ இந்த எல்லையில்தான். பிஸ்பைரிபாக் சோடியம் போன்றவை அப்படியல்ல. அவற்றால் மீன் நேரே சாக, வயலில் ஒருபோதும் வராத அளவு தேவைப்படும். எல்லாக் களைநாசினியும் ஒரே நஞ்சு என்று பேசுவதும், எதுவுமே நஞ்சல்ல என்று பேசுவதும் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. போத்தலில் உள்ள பெயர்ச்சீட்டின் கீழ்ப்பகுதியில், நீர்வாழ் உயிரினங்கள் பற்றிய எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கும். கடையிலேயே நின்று அதை வாசித்துவிட்டு வாங்குங்கள்; வரம்பில் நின்று வாசிக்கையில் காலம் கடந்திருக்கும்.

கிளைபோசேற் என்ற களைநாசினியைப் பற்றி எங்கள் நாட்டில் பேசப்பட்டதுபோல வேறெந்த மருந்தைப் பற்றியும் பேசப்படவில்லை. 2015 இல் அது தடை செய்யப்பட்டது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. அந்தத் தடை சிறுநீரக நோயை முன்னிட்டு வந்ததே தவிர, மீனை எவரும் நினைக்கவில்லை. மீனைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது, போத்தலில் மூலப்பொருளோடு சேர்த்திருக்கும் சவர்க்காரத் தன்மையுள்ள பொருள். மருந்து இலையில் ஒட்டிப் பரவுவதற்காக அதைச் சேர்க்கிறார்கள். 1979 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வானவில் ட்ரவுட் மீன்களில் பாதியைக் கொல்லத் தனிக் கிளைபோசேற் லீற்றருக்கு 140 மில்லிகிராம் தேவைப்பட்டது. விற்பனைக் கலவைக்கு 8.3 மில்லிகிராம் போதுமாயிருந்தது. அந்தப் பரப்பிப் பொருள் தனியாக 2 மில்லிகிராமிலேயே அதைச் செய்தது. அது காரத்தன்மை கூடிய நீரில் இன்னும் கடுமையாகிறது. பாசி பிடித்த எங்கள் வரண்ட வலயக் குளங்களில் வெயிலேறிய பிற்பகலில் காரத்தன்மை நன்றாக உயரும் என்பதை நினைத்தால், விளம்பரத்தில் மூலப்பொருளின் பெயரை மட்டும் காட்டிப் பாதுகாப்பானது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 2021 இல் இரசாயனங்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில் பெயர்ச்சீட்டே இல்லாத போத்தல்கள் கைமாறின; அவற்றில் என்ன பரப்பிப் பொருள் இருந்தது என்று அடித்தவருக்கே தெரியாது.

நஞ்சு மீனின் உடலில் முதலில் தொடுவது பூவைத்தான், அதாவது செவுளை. விடியற்காலையில் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கெண்டையை எடுத்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். நலமான மீனின் பூ சிவப்பாக, இழை இழையாகப் பிரிந்து, ஈரத்தில் மினுங்கும். மருந்து கலந்த வாய்க்கால் வாயில் நாங்கள் பிடித்த மீன்களில் அது வெளிறி, சளி படிந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரலால் தொட்டால் வழவழப்பு நூலாக இழுபட்டது. உறுத்தலுக்கு எதிராக மீன் சளியைச் சுரக்கிறது, பூவின் மென்தோல் தடிக்கிறது. தடித்த தோல் வழியாக ஒட்சிசன் உள்ளே போவது குறைகிறது, உடலின் அமோனியா வெளியேறுவதும் குறைகிறது. நஞ்சை முறிக்கும் வேலையை ஈரல் செய்கிறது. அதற்குச் செலவாகும் சக்தி வளர்ச்சியிலிருந்து கழிகிறது. இப்படிப்பட்ட மீன் உடனே சாவதில்லை. தீன் எடுக்காது, ஓரத்தில் சோர்ந்து நிற்கும், சில நாட்களில் செதிளடியில் புண் காணும், அறுவடையில் எடை குறைந்திருக்கும். முக்கியமாக, அடுத்து ஒட்சிசன் இறங்குகிற ஒரு விடியலை நலமான மீன் கடந்துவிடும், இது கடக்காது.

அந்த விடியலைக் கொண்டுவருவதிலும் களைநாசினிக்குப் பங்குண்டு. குளத்தில் பகலில் ஒட்சிசனைத் தருவது பெரும்பாலும் பாசிதான். புரப்பனில் போன்ற களைநாசினிகள் தாவரத்தின் ஒளித்தொகுப்பையே நிறுத்துபவை. வயலில் புல்லைக் கொல்லும் அதே செயல் குளத்தில் பாசியின் ஒட்சிசன் உற்பத்தியை நிறுத்துகிறது. பச்சையாயிருந்த நீர் பழுப்பாகி, செத்த பாசி அழுகும்போது இருக்கிற ஒட்சிசனையும் தின்கிறது. 30 பாகை வெப்பத்தில் நீர் நிறைவாகத் தாங்கும் ஒட்சிசனே லீற்றருக்கு 7.5 மில்லிகிராம்தான், இரவு முழுவதும் எல்லா உயிரும் அதைச் சுவாசித்தால் சூரியன் எழும்புவதற்குச் சற்று முன் மிச்சம் மிகக் குறைவாகிவிடும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே கெண்டை இனங்கள் தவிக்கத் தொடங்கும். புரப்பனில் வேகமாகச் சிதைவது நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் சிதைந்து வரும் டைகுளோரோஅனிலின் மீன் முட்டைக்கு எவ்வளவு தெளிவான நஞ்சென்றால், மீன் கருப் பரிசோதனையின் சர்வதேச நெறிமுறையில் சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே சேர்க்கப்படும் பொருளே அதுதான்.

ஆகவே மீன் செத்தால் முதலில் எது செத்தது, எப்போது செத்தது என்று பாருங்கள். யாரைத் திட்டுவது என்பது பிறகு. ஒட்சிசன் குறைந்து சாவது விடியற்புறத்தில் நடக்கும். முதலில் பெரிய கட்லாவும் ரோகுவும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு மல்லாக்கும். வெளிக்காற்றையும் சுவாசிக்கத் தெரிந்த விரால், பனையேறி, சுங்கான் ஆகிய மூன்றும் அப்போதும் பிழைத்திருக்கும். நஞ்சு நேரே பாய்ந்த இடத்தில் நேரம் காலம் கிடையாது; நண்பகலிலும் சாகும், குஞ்சுகள் முதலில் சாகும், விராலும் தப்பாது, தவளைக் குஞ்சும் இறாலும் சேர்ந்து கிடக்கும், சாவு வாய்க்கால் வாயிலிருந்து தொடங்கிக் குளத்துக்குள் பரவும். இந்த அடையாளங்கள் நூற்றுக்கு நூறு சரியென்று சொல்ல மாட்டேன், ஆனால் பழியை நிறுத்தி விசாரணையைத் தொடங்க இவை போதும். எங்கள் குளத்தில் களைநாசினியால் என்று ஊரே முடிவு செய்த ஒரு பெருஞ்சாவில் விராலும் சுங்கானும் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன. மப்பு மழைநாட்கள் தொடர்ந்து, குளத்தில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை அழுகியதே அங்கு காரணம். அந்த ஆற்றுவாழையையும் எவரோ மருந்தடித்துத்தான் அழிக்கப் பார்த்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. மிதக்கும் களையை மொத்தமாக மருந்தடித்து நீரிலேயே விட்டுவிடுவது, மருந்து எவ்வளவு சாதுவானதாயிருந்தாலும், மீனை மூச்சடைக்க வைக்கும் வழி. கையால் இழுத்துக் கரையேற்ற வேண்டும். முடியாவிட்டால் குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்று அழுகி முடிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். சல்வீனியா என்ற இன்னொரு மிதக்கும் களை பரவிய குளங்களுக்கு இலங்கையில் 1986 இல் அதைத் தின்னும் சிறு வண்டு கொண்டுவரப்பட்டது. அப்படி ஒரு வழி இருக்கும்போது மருந்தை நாடுவது சோம்பல் என்பது என் எண்ணம்.

வயல் பக்கத்தில் செய்ய வேண்டியதில் பெரும்பங்கு தண்ணீரை மறிப்பது. மருந்தடித்த வயலின் வாயை மூடி, நீரை வெளியே விடாமல் சில நாட்கள் வைத்திருந்தால், மருந்தின் பெரும்பகுதி சேற்றில் ஒட்டியும் வெயிலிலும் நுண்ணுயிர்களாலும் சிதைந்தும் போகிறது. இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சாக்ரமென்டோப் பள்ளத்தாக்கின் நெல்வயல் வடிகாலில் 1980களின் தொடக்கத்தில் மொலினேற் என்ற களைநாசினியால் கெண்டை மீன்கள் பெருந்தொகையாகச் செத்தன. அங்கே மருந்தைத் தடை செய்யாமல், அடித்தபின் நீரை வயலிலேயே தேக்கி வைக்க வேண்டிய காலத்தைச் சட்டமாக்கி, அதைப் படிப்படியாக நீட்டினார்கள். சாவுகள் நின்றன. அவர்களுடையவை மட்டம் செய்யப்பட்ட பெரிய வயல்கள், கதவுகள் ஒழுங்கானவை, விதைக்கும் காலத்தில் மழையும் இல்லை. எங்கள் வயல் அப்படியல்ல. ஆனாலும் சிறுபோகத்தில், தண்ணீர் முறைவைத்து வரும்போது, எங்களாலும் இதைச் செய்ய முடிகிறது.

கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதை நான் எடுத்தபோது, கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் காணி செய்கிற ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன் ஒருவர்) கேட்டார்: “தண்ணிய அடைச்சு வெச்சா முளை அழுகிப் போகாதா தம்பி? மீனப் பாத்தா நெல்லு போயிரும்.” கேள்வி நியாயமானது. முளைக்கு முந்திய மருந்தை வயலில் தண்ணீர் நிற்க அடிக்கவே கூடாது. சேறு நனைந்த நிலையில் அடிக்க வேண்டும். பிந்திய மருந்துகளில் பலவற்றுக்கு அடிப்பதற்கு முன் நீரை வடிக்க வேண்டும், அடித்து ஓரிரு நாளில் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் நாங்கள் சொன்னது: வடிப்பதானால் அடிப்பதற்கு முன் வடியுங்கள், அந்தத் தண்ணீர் சுத்தமானது, அடித்த பிறகு கட்டுகிற நீர் முளைத் தலைக்கு மேலே போகாமல் விரற்கடை உயரத்தில் நின்றால் போதும், அதை ஒரு கிழமைக்காவது வெளியே விடாதீர்கள். “காக்கா, களை சாகிறதுக்கும் அந்தத் தண்ணி வேணும். நீங்க வாங்கின மருந்துக்குப் பாதி வேலைய அந்தத் தண்ணிதான் செய்யுது” என்றேன். அவர் ஒப்புக்கொண்டது மீனுக்காக அல்ல, மருந்துக் காசுக்காக. அதில் எனக்கு வருத்தமில்லை. வடித்துவிட்ட மருந்து காசாகவே வாய்க்காலில் போகிறது என்ற கணக்கு, மீனைப் பற்றிய எந்தப் பேச்சையும் விட வேகமாக வரம்பு கடந்து பரவியது.

அடுத்தது தெளிகருவி. அடித்து முடித்ததும் அருகிலுள்ள வாய்க்காலில் அதை முக்கிக் கழுவுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். வயலில் பரவலாக விழும் மருந்தைவிட இப்படி ஒரே இடத்தில் கொட்டப்படும் கழுநீர் பல மடங்கு செறிவானது. மடுக்களில் நடுப்பகலில் நடந்த சாவுகளில் நான் நேரே பார்த்தவை பெரும்பாலும் இந்தக் கழுநீரால் வந்தவை. போத்தலை மூன்று தடவை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, அதையும் வயலுக்கே அடித்து முடிக்க வேண்டும். கருவியை வரம்புக்கு உட்புறம், வயலுக்குள் நின்று கழுவலாம். வெறும் போத்தலை வாய்க்காலில் எறிவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் ஒவ்வொரு போகத்திலும் குளத்தின் வரத்து வாயில் சிக்கிய போத்தல்களை நாங்கள் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

குளம் பக்கத்தில், வரத்து வாய்க்காலில் பலகை இறக்கி மறிக்கக்கூடிய ஒரு சிறு கதவு இருந்தால் அரைவாசிப் பிரச்சினை தீரும். மேல்வயல்காரர் மருந்தடிக்கும் நாளை, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானை வழியாக முன்கூட்டி அறிந்து, அந்த நாட்களில் வடிச்சலைக் குளத்துக்குள் விடாமல் பக்கக் கானில் திருப்பிவிடுகிறோம். குஞ்சு விடுவதை மருந்தடிப்பு முடிந்த பிறகுக்குத் தள்ளி வைத்ததும் பலன் தந்தது. விரலளவுக் குஞ்சுக்குப் பதிலாகக் கூண்டில் வளர்த்துச் சற்றுப் பெரிதாக்கிய குஞ்சை விட்டால் இன்னும் நல்லது. சாவு தொடங்கிவிட்டால், வரத்தை உடனே மறித்து, நீரிறைக்கும் இயந்திரத்தால் குளத்து நீரையே மேலே எறிந்து விழச் செய்யுங்கள். தீன் போடுவதை நிறுத்துங்கள். பதற்றத்தில் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள், காரத்தன்மை ஏறினால் அமோனியாவும் மேலே சொன்ன பரப்பிப் பொருளும் இன்னும் கடுமையாகும். நஞ்சால் செத்ததென்று ஐயமுள்ள மீனை உண்ணவோ விற்கவோ வேண்டாம். கருவாடு போட்டால் போய்விடும் என்று சிலர் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மாதிரி எடுப்பதில் எங்களுக்கு வாய்த்தது கசப்பான அனுபவம். ஒருமுறை செத்த மீனைப் பையில் கட்டி ஓர் அலுவலகத்துக்குக் கொண்டு போனோம். வெயிலில் போய்ச் சேர்வதற்குள் மீன் பழுதாகிவிட்டது. அங்கிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கே நீர் மாதிரி எங்கே என்று கேட்டார்கள். பூ சில மணித்தியாலத்திலேயே சிதைந்துவிடும் என்பதால், செத்ததைவிடச் சாகும் நிலையிலுள்ள மீனே பயன்படும். அதை ஐஸில் வைக்க வேண்டும். நீரைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, வெளிச்சம் படாமல் சுற்றி, அதையும் ஐஸில் வைக்க வேண்டும். வரத்து வாயில் ஒன்று, குளத்தின் நடுவில் ஒன்று, வரத்துக்கு மேலே நஞ்சு படாத இடத்தில் ஒன்று. நாள், நேரம், நீரின் நிறம், எந்த மீன்கள் செத்தன, எவை பிழைத்தன என்பவற்றை அங்கேயே எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்துவிடுங்கள். மேல்வயலில் அடித்த மருந்தின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் எந்த ஆய்வுகூடமும் எல்லா மருந்துகளையும் ஒரேயடியாகத் தேடிப் பார்ப்பதில்லை. பெயரைச் சொல்ல அயலவர் முன்வர வேண்டுமானால் அவரைக் குற்றவாளியாக்காமல் கேட்க வேண்டும். முதல் நாளே சண்டை பிடித்தவர்களுக்கு அந்தப் பெயர் கடைசிவரை கிடைப்பதில்லை.

பெரும்போகத்துக்கு இதெல்லாம் முழுத் தீர்வல்ல. கார்த்திகையில் ஓர் இரவுக்குள் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிற மழை பெய்தால் எந்த வரம்பும் நீரை மறிக்காது, பலகையும் நிற்காது. அப்போது எஞ்சியிருக்கிற ஒரே முடிவு, மழை அறிவிப்பு உள்ள நாட்களுக்கு முன் அடிக்காமல் விடுவதுதான். பிந்தினால் களை முந்திவிடும் என்று கமக்காரர் அஞ்சுவதும் பொய்யல்ல. நிலத்தை நன்றாக மட்டம் செய்து, முதற் களையை உழவிலேயே முளைக்க விட்டு மடித்துப் புதைத்தவர்களுக்கு அந்தச் சில நாள் தாமதத்தைத் தாங்க முடிகிறது. எங்கள் வட்டையில், அதாவது எங்கள் வயல்வெளியில், அப்படிச் செய்பவர்கள் இன்னும் சிலரே. அடுத்த பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில், மேல்வயல்களுக்கும் கீழ்வயல்களுக்கும் தனித்தனியாக மருந்தடிப்பு நாட்களைக் குறித்து, மீன்பிடிச் சங்கத்துக்கும் அதன் பிரதி ஒன்றைத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். நீர்திறப்பு நாளைக் குறிக்கிற அதே தாளிலேயே அதையும் எழுதலாம் என்று வட்டவிதானை சொல்லியிருக்கிறார்.